பொத்தலும் பொத்துதலும்

சென்ற மார்கழியில் எங்கள் வாசகர் குழுவினர் ஐவர் பழவேற்காட்டில் ஓர் இரவு தங்கி வருவதென்று கிளம்பினோம். பூநாரைகளைப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தோம். உண்மையான நோக்கம், கையிலிருந்த இரண்டு நாவல்களைப் பற்றி யாருடைய குறுக்கீடும் இல்லாமல் சண்டை போடுவது. குழுவில் மலையேறும் பழக்கமுள்ள நண்பர் தமது கூடாரத்தைக் கொண்டு வந்திருந்தார். முதுகுப்பையில் சுமந்து நடப்பதற்கென்றே செய்யப்பட்ட, ஒரு கிலோவைக்கூட எட்டாத கூடாரம். விரித்தால் இருவர் படுக்கலாம். சுருட்டினால் ஒரு சிறு பானைக்குள் அடங்கிவிடும். தெரிந்தவர் ஒருவரின் தோப்பில் அதை நிறுத்தினோம். நள்ளிரவுக்குப் பின் ஏரிக்காற்று திசை மாறியது. வேலியாக நின்ற சீமைக்கருவேலத்தின் கிளையொன்று முறிந்து வந்து விழுந்தது. விடிந்தபோது கூரைத்துணியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல்.

அந்தக் கிழிசலைச் சுற்றி நின்று நாங்கள் பேசிய பேச்சுத்தான் இக்கட்டுரைக்குக் காரணம். விற்ற கடைக்குத் தொலைபேசினோம். ‘இந்தத் துணியைத் தைக்க முடியாது, மேல்விரிப்பைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று பதில் வந்தது. எங்களில் ஒருவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்: ‘நம் ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிட்டால் உட்கார்ந்து தைப்பதைவிட வாங்குவதே மலிவு.’ இன்னொருவர், இலக்கியவாதிக்குரிய பரவசத்தோடு, உடைந்த கோப்பைகளைப் பொன் கலந்த அரக்கால் ஒட்டும் ஜப்பானியக் கலையான கின்சுகியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ‘காயமே அழகு’ என்றார். துணியை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

தூக்கியெறியச் சொன்னவரும் கிழிசலை வியந்தவரும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தோன்றலாம். இருவரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பதே எங்கள் வாதம். பழுதுபார்த்தல் என்பது ஓர் அறிவு என்பதை இருவருமே மறுக்கிறார்கள். ஒருவர் அதைக் கூலிக்கணக்காகச் சுருக்குகிறார். மற்றவர் உருவகமாக உப்பவைக்கிறார். இரண்டு மறுப்புகளும் சேர்ந்து ஒரு குப்பத்தின் பிழைப்பை எப்படித் தொடுகின்றன என்பதை அன்று பகலில்தான் பார்த்தோம்.

*

தோப்பிலிருந்து சற்றுத் தொலைவில் கோட்டைக்குப்பம். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் நினைவைப் பெயரில் சுமக்கும் மீனவர் ஊர். கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது, குப்பம் இருக்கிறது. அங்கே ஒரு மரநிழலில் பெரியவர் ஒருவர் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நண்டு கத்தரித்த வலை. எங்கள் கூடாரத்துணியைக் கையோடு கொண்டுபோயிருந்தோம், தைத்துத் தருவாரா என்று கேட்கலாமென்று.

அவர் துணியை வாங்கி இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு திருப்பித் தந்துவிட்டார். “தம்பி, இதுல என்னமோ பூசியிருக்கு. ஊசி போட்டா போட்ட எடமெல்லாம் தண்ணி எறங்கும். இது எங் கை வேலை இல்ல. பூசினது என்னன்னு தெரிஞ்சிக்கினு அதையே வச்சு ஒட்டுங்க.”

கடைக்காரர் துணியைப் பார்க்காமலே ‘முடியாது’ என்றார். பெரியவர் பார்த்துவிட்டு ‘என்னால் முடியாது, ஆனால் வழி இதுதான்’ என்றார். முன்னது விற்பனை, பின்னது அறிவு. வீடு திரும்பிய பின் தேடிப் படித்து நாங்கள் தெரிந்துகொண்டதெல்லாம் அவர் அரை நிமிடத்தில் விரலால் சொன்னதன் விரிவுரை மட்டுமே.

அன்று அவர் தம் வேலையை எங்களுக்குக் காட்டினார். நாங்கள் எதிர்பாராதது ஒன்று நடந்தது: கிழிந்த இடத்தை அவர் முதலில் கத்தியால் இன்னும் பெரிதாக்கினார். எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “கிழிஞ்சதத் தைக்க முடியாதுப்பா. நல்லதத்தான் தைக்க முடியும்.” வலையில் ஓட்டை விழுந்தால் அதன் ஓரத்து நூல்கள் நைந்திருக்கும். அந்த நூலில் முடிச்சுப் போட்டால் மறுநாளே பக்கத்தில் அறும். ஆகவே சேதமில்லாத கண்ணி வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அதிலும் ஒழுங்கு உண்டு. வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் நான்கு நூல்கள் கூடுகின்றன. ஓட்டையின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நூல்கள் எஞ்சியிருக்கும் முடிச்சு ஒவ்வொன்றை விட்டுவைக்க வேண்டும். இடையில் உள்ளவற்றில் இரண்டிரண்டு எஞ்ச வேண்டும். அப்படி வெட்டினால்தான் ஊசியில் ஏற்றிய ஒரே நூல், நடுவில் அறுபடாமல், எல்லாக் கண்ணிகளையும் நிரப்பிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கு எதிரே போய் முடியும். பின்னத் தொடங்கும் முன்பே முழுப் பாதையும் மனத்தில் தெரிந்தாக வேண்டும். புதிய கண்ணி பழைய கண்ணியின் அளவிலேயே அமைய வேண்டும். பெரிதானால் மீன் தப்பும். சிறிதானால் இழுவிசை அங்கே குவிந்து வலை மறுபடியும் அங்கேயே கிழியும்.

அவர் போட்ட முடிச்சு, தறியில் அறுந்த இழையைச் சேர்க்க நெசவாளர் போடுகிற முடிச்சேதான். துணியும் வலையும் ஒரே அறிவின் இரு பிள்ளைகள். ஒன்றில் இழைகள் நெருங்கி நிற்கின்றன. மற்றதில் விலகி நிற்கின்றன. அவ்வளவே வேறுபாடு.

*

இப்போது எங்கள் கூடாரத்துக்கு வருவோம். ‘தைக்க முடியாது’ என்ற அந்தத் தீர்ப்பு எவ்வளவு பொய் என்பதைத் துணியே சொல்லும்.

செயற்கை இழையின் பருமனை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் இழை எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். மீன்வலைக்கு முறுக்கும் நைலான் நூலின் அடிப்படை இழை பொதுவாக 210 டெனியர். அதையும் பல புரிகளாக முறுக்குகிறார்கள். எடை குறைந்த கூடாரங்களின் துணியோ 10 முதல் 20 டெனியர் இழையில் நெய்யப்படுகிறது. 15 டெனியர் இழையென்றால், சென்னையிலிருந்து கோட்டைக்குப்பம் வரையிலான சுமார் 60 கிலோமீட்டர் தொலைவுக்கு நீட்டினாலும் அதன் எடை நூறு கிராம்தான். அத்தகைய மெல்லிழையில் கிழிசல் ஓடாமல் தடுக்க, சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை குறுக்கும் நெடுக்குமாகத் தடித்த இழைகளைக் கட்டம் கட்டமாக நெய்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பாராசூட்டுகளுக்காக வளர்ந்த உத்தி இது. ஒரு வகையில் துணிக்குள் நெய்யப்பட்ட வலை.

இந்தத் துணிமேல் நீர் புகாதிருக்கப் பூச்சு இடுகிறார்கள். எல்லாச் சிக்கலும் அங்கேதான், தீர்வும் அங்கேதான். பாலியூரித்தேன் பூசிய பக்கத்தில் கடையில் கிடைக்கும் ஒட்டுப்பட்டை பிடிக்கும். இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசிய நைலானில் எந்தச் சாதாரணப் பசையும் நிற்காது, வழுக்கிவிடும். ஆனால் சிலிக்கோன்மேல் சிலிக்கோன் ஒட்டும். கண்ணாடிச் சட்டங்களுக்கும் மீன்தொட்டிக்கும் இடும் அதே சிலிக்கோன் பசை போதும். கிழிசலைச் சமதளத்தில் விரித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உலரவிட வேண்டும். அதே வகைத் துணியில் கிழிசலுக்கு நாற்புறமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மிஞ்சும்படி ஓர் ஒட்டு வெட்ட வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மூலைதான் முதலில் பிரியும். ஒட்டுத்துணியின் இழைத்திசை, மூலத்துணியின் இழைத்திசையோடு ஒத்துப்போக வேண்டும். நைலான் ஈரத்தில் நீளும். இரண்டும் வெவ்வேறு திசையில் நீண்டால் சுருக்கம் விழும். பசையை மெல்லப் பூசி, அழுத்தி, ஒரு முழு நாள் காயவிட வேண்டும். முளையும் கயிறும் இழுக்கும் இடத்தில் கிழிந்திருந்தால் முதலில் பாலியஸ்டர் நூலால் தைத்து, ஊசித்துளைகளின் மேல் இரண்டு பக்கமும் ஒட்டுப்போட வேண்டும். பருத்தி நூல் கூடாது, ஈரத்தில் இற்றுவிடும். இதே கூடார உலகில், வலிய பாலிஎத்திலீன் இழைகளை இரண்டு படலங்களுக்கிடையே வைத்து அழுத்திய இன்னொரு பொருளும் உண்டு. அதற்கு ஊசியே ஆகாது. உரிய ஒட்டுப்பட்டை ஒன்றே போதும்.

ஒரு குழாய்ப் பசை, உள்ளங்கையகலத் துணி, ஒரு நாள். இதைத்தான் ‘முடியாது’ என்றார்கள். முடியாதது பழுதுபார்ப்பது அல்ல. பழுதுபார்ப்பதில் அவர்களுக்கு லாபம் பார்க்க முடியாது.

*

இவ்வளவும் ஒரு கூடாரத்துக்காகவா என்று வாசகர் கேட்கலாம். கூடாரம் கிழிந்தால் எங்களுக்குப் போவது ஓர் இரவுத் தூக்கம். வலை கிழிந்தால் போவது வேறு.

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் வரும் நீரோட்டப் பகுதிகளில் கழி ஊன்றி வலை கட்டும் உரிமையைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது. வழிவழியாக இவ்வுரிமையுள்ள ஊர்களில் கோட்டைக்குப்பமும் ஒன்று. நடுவூர் மாதாகுப்பமும் ஆண்டிக்குப்பமும் மற்றவை. பொதுவளத்தை மக்கள் தாமே ஆளும் முறைக்குச் சான்றாக ஆய்வாளர்கள் இதை வியந்து எழுதியிருக்கிறார்கள். வியப்பு நியாயமானதே. ஆனால் ஒருவருடைய முறை வருகிற நாளில் அவருடைய வலை கிழிந்து கிடந்தால் அந்த உரிமை வெறும் காகிதம். உரிமையைச் சீட்டு தரும். உரிமையைப் பயனாக்குவது ஊசி. சீட்டைப் பற்றி எழுதியவர்கள் ஊசியைப் பற்றியும் எழுதியிருக்கலாம்.

எங்களிடம் பேசியவர்கள் சொன்ன வரையில், பிடிபட்ட மீனைப் பங்கு பிரிக்கும்போது படகுக்குப் பங்கு உண்டு, எஞ்சினுக்கு உண்டு, வலைக்கு உண்டு, ஆளுக்கு உண்டு. வலையைப் பழுதுபார்த்த பகல்களுக்குத் தனிப் பங்கு கிடையாது. அது ‘சும்மா உட்கார்ந்திருக்கும்போது செய்வது.’ கடலுக்குப் போக வலுவில்லாதவரின் வேலை. எங்கள் பெரியவரின் மகனுக்கு வலை வாங்கத் தெரியும், பின்னத் தெரியாது. அவர் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறார். அதில் எங்களுக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை. யாரும் கூலி தராத அறிவை ஒருவர் ஏன் கற்க வேண்டும்?

இந்த அறிவின் அடித்தளத்தை அசைத்தது பொருளின் மாற்றமும்தான். பருத்தி வலைகளின் காலத்தில் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்து, ஒவ்வொரு முறையும் அலசி உலர்த்தாவிட்டால் வலை அழுகிவிடும். அமெரிக்காவில் 1935-இல் வேலஸ் கரோதர்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய நைலான், சில பத்தாண்டுகளில் நம் கரைகளுக்கு வந்து அந்த உழைப்பிலிருந்து மீனவரை விடுவித்தது. பழையதெல்லாம் பொன் என்று பாட நாங்கள் வரவில்லை. சாயத்தொட்டியில் கை வெந்தவர்களைக் கேட்டால் நைலானை வாழ்த்துவார்கள். பல புரி நைலான் வலையைப் பழுதுபார்க்கவும் முடியும். பெரியவர் மடியில் கிடந்தது அதுதான்.

ஆனால் அதற்கடுத்து வந்தது ஒற்றை இழை நைலான். தூண்டில் நரம்பு போன்ற, கண்ணாடியாய் மின்னும் இழை. இலங்கைத் தமிழர் தங்கூசி என்பார்கள். தண்ணீரில் மீனுக்குத் தெரியாது, எனவே நிறைய விழும், விலையும் குறைவு. இழையோ வழவழப்பு, விறைப்பு. கையால் போட்ட முடிச்சு நழுவும். கிழிந்தால் மணிக்கணக்கில் பின்னுவது வீண். மேல்கயிற்றையும் மிதவையையும் ஈயக்குண்டையும் கழற்றிக்கொண்டு வலையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய வலை கோப்பதே வழக்கம். எறிந்ததும் கடலில் அறுந்துபோனதும் அழிவதில்லை. யாருக்கும் பயனில்லாமல் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே கிடக்கும். இலங்கை 2006-இல் இவ்வகை வலையைச் சட்டத்தால் தடைசெய்தது. தடை எவ்வளவு கைக்கொள்ளப்படுகிறது என்பது வேறு பேச்சு. குறைந்தபட்சம் பிரச்சினைக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது.

இதில் மீனவரைக் குற்றம் சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. முகத்துவாரம் மணல் தூர்ந்து, ஏரியின் ஆழம் குறைந்து, தெற்கே துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் நெருங்கிவரும் கரையில், இன்றைக்கு இரண்டு மீன் கூடுதலாகத் தருகிற மலிவான வலையை வாங்காதே என்று சொல்ல நாம் யார்? நாமும் அதே கணக்கில்தான் கூடாரத்தைத் தூக்கியெறியப் பார்த்தோம். வித்தியாசம், நமக்கு அது வசதி. அவர்களுக்கு அது நெருக்கடி.

*

அரசும் கொடையாளர்களும் இந்த அறிவை எப்படிப் பார்க்கிறார்கள்? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரைக்கு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகளும் வலைகளும் வந்து குவிந்தன. இழந்தவற்றைவிட அதிகமான படகுகள் இறக்கப்பட்ட ஊர்கள் உண்டு. அவற்றில் பல தரமற்றவை என்ற முறையீடும் அன்றே எழுந்தது. சேதமான படகையும் வலையையும் செப்பனிட்டுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் புதிய படகின் பக்கத்தில் கொடையாளரின் பெயர் எழுத இடமுண்டு. பின்னிய கண்ணியில் யாருடைய பெயரையும் எழுத முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியின் எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தபோது அங்குள்ள மீனவரின் படகுகளும் வலைகளும் கரியாயின. நண்டு கத்தரித்தால் பின்னலாம், பாறை கிழித்தால் பின்னலாம். எண்ணெய் ஊறிய வலையை என்ன செய்வது? எவ்வளவு திறனுள்ள கைக்கும் எல்லை வகுக்கும் சேதம் ஒன்று உண்டு. அதைச் செய்பவர்கள் வலை பின்னுகிறவர்கள் அல்லர்.

மத்திய அரசு 2022-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றிப் பேசத் தொடங்கி ஓர் இணையவாசலையும் திறந்தது. நல்ல தொடக்கம். வேளாண் கருவிகள், கைபேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. நான்கிலும் துணி இல்லை, வலை இல்லை. எஞ்சினும் மின்சுற்றும் இருந்தால்தான் தொழில்நுட்பம் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது!

ஆனால் இந்த ஊருக்கு உலக வரைபடத்தில் இடம் கிடைத்ததே துணியால்தான். பழவேற்காட்டின் வழியே கப்பலேறிய சோழமண்டலத் துணியைக் கொடுத்தே டச்சுக்காரர்கள் கீழைத்தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை அவர்களுடைய சோழமண்டல வணிகத்தின் தலைநகர் இதுதான். இன்றும் மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியைக் ‘காயின் பெலேகாட்’ என்று இவ்வூரின் பெயரால் அழைக்கிறார்கள். டச்சுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, பாதுகாக்க வேண்டியதே. கல்லறைக்குக் காவல் உண்டு, கைக்கு இல்லை என்பதுதான் எங்கள் முறையீடு.

*

கடைசியாக நம்மைப் பற்றி. இலக்கிய வாசகர்களாகிய நாம் இந்த அவமதிப்பில் பங்குதாரர்கள்.

கடற்கரை வாழ்வைச் சொல்லும் நாவல்களை நாம் கொண்டாடுகிறோம். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் நம்மிடம் இருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ இருக்கிறது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ இருக்கிறது. அவற்றிலிருந்து நமக்கு நினைவிருப்பது எது? புயல், காதல், துரோகம், சாவு. கரையில் உட்கார்ந்து கைகள் செய்யும் வேலையைப் பற்றிய வரிகளைச் ‘சூழல் வர்ணனை’ என்று நாம் கடந்துவிட்டோம். தவறு நாவலாசிரியர்களுடையது அன்று, வாசிப்பினுடையது. தோப்பில் நாங்கள் போட்ட சண்டையிலும் நான்கு மணி நேரத்தில் ஒரு முறைகூட வலை என்ற சொல் வரவில்லை, ‘கதைப்பின்னல்’ என்று மட்டும் பலமுறை வந்தது.

கின்சுகி அன்பரிடமும் ஒரு சொல். ஜப்பானியக் கலையை நாங்கள் பழிக்கவில்லை. அதற்கும் அரக்கு உலரும் காலமும் பல ஆண்டுப் பயிற்சியும் தேவை. அதைச் செய்கிறவர் உருவகம் செய்வதில்லை, கோப்பையைச் சரிசெய்கிறார். பிழை, கலையை விட்டுவிட்டு உருவகத்தை மட்டும் இறக்குமதி செய்ததில். வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி இழையோட்டித் தைக்கும் காந்தா இன்று அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அந்தச் சொல்லும் நம் கந்தையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. அங்கே அது கலையின் பெயர். இங்கே ஏழ்மையின் பெயர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற நம் பழமொழிகூடக் கசக்கத்தான் சொல்கிறது, தைக்கச் சொல்லவில்லை.

ஆயினும் நம் மொழி முழுவதும் கைவிட்டுவிடவில்லை. பொத்தல் என்றால் ஓட்டை. பொத்துதல் என்றால் மூடுதல். வாயைப் பொத்து என்கிறோமே, அந்தப் பொத்து. ஓட்டைக்கும் அதை அடைப்பதற்கும் ஒரே சொல்லைப் புழங்கியவர்கள், ஒன்றைக் கண்ட இடத்தில் மற்றதையும் கண்டிருக்க வேண்டும். நாம் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எங்கள் கோரிக்கைகள் பெரியவை அல்ல. மீன்வளத் திட்டங்களில் வலை கொடுப்பதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதி பழுதுபார்ப்பவரின் கூலிக்கும், அதைக் கற்றுக்கொள்ள வரும் இளைஞரின் உதவித்தொகைக்கும் போகட்டும். மீன்வளம் கற்பிக்கும் கல்விச்சாலைகளில் கோட்டைக்குப்பத்துப் பெரியவர்கள் போன்றோர் கற்பிப்பவராக, சம்பளத்தோடு, அமரட்டும். பழுதுபார்க்கும் உரிமையின் பட்டியலில் துணியும் வலையும் சேரட்டும்: விற்கிற பொருளின் மேல் என்ன பூச்சு, எதனால் ஒட்டலாம் என்று எழுதித் தரும் கடமை விற்பவருக்கு இருக்கட்டும். கிழிந்தால் என்ன செய்வது என்று வாங்கும் முன்பே கேட்கும் கடமை நமக்கு.

இதை எழுதுவதில் எங்கள் ஐவருக்குள்ளும் முழு உடன்பாடில்லை. ஒரு நாள் சம்பளக் கணக்குச் சொன்ன நண்பர் இன்னும் தம் கணக்கு சரி என்றே வாதிடுகிறார். கூலியின் கணக்காக மட்டும் பார்த்தால் அது சரிதான்; பழுதுபார்ப்பவருக்கும் அதே கணக்கில் கூலி கொடுங்கள் என்பதே எங்கள் பதில். கூடாரத்துக்கு ஒட்டுப் போட்டவரும் அவர்தான் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஒட்டின் நிறம் பொருந்தவில்லை, ஓரத்தில் ஒரு சுருக்கம் வேறு. அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாசியில் கோடைமழை ஒன்று பெய்தது. மொட்டை மாடியில் விரித்து வைத்து உள்ளே உட்கார்ந்து பார்த்தோம். ஒழுகவில்லை.